ஓசூர், கிருஷ்ணகிரி கம்பெனிகளோட சிஎஸ்ஆர் பொறுப்பாளர்களுக்கு: அப்ளிகேஷன தமிழ்ல வாங்குங்க, கூத்து சீசன் முடிஞ்சி வாங்குங்க

வணக்கங்க.

ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளின்னு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து கம்பெனிகள்ல சிஎஸ்ஆர், அதாவது கம்பெனி லாபத்துல ஒரு பங்க சமூக காரியத்துக்கு செலவு பண்ற வேலைய பாத்துக்கற சாருங்க, மேடம்ங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன். நான் காவேரிப்பட்டணத்துல ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் பாதி நேரம் ஆன்லைன் அப்ளிகேஷன் போடற வேலைதான், வருமான சான்று, ஸ்காலர்ஷிப், முதியோர் பென்ஷன், பான் கார்டு திருத்தம்னு நாள் முழுக்க ஜனம் வந்துட்டே இருக்கும். அது போக நாங்க ஆறு பேரு சேந்து ஒரு சின்ன டிரஸ்ட் நடத்தறோம், சாயந்திரம் பசங்களுக்கு டியூஷன், ஒரு படிப்பகம், அவ்வளவுதான், ஏழு வருஷமா ஓடுது. இந்த ரெண்டும் சேந்து எனக்கு மூணாவதா ஒரு வேலைய கொண்டாந்து விட்டிருக்கு. சுத்துப்பட்டு ஊருங்கள்ல இருக்கற கூத்து செட்டு, பம்பை செட்டு, லைப்ரரி நடத்தற பசங்க, யாரா இருந்தாலும் "எங்கியாச்சும் நிதி கெடைக்குமா, கொஞ்சம் தேடி பாத்து சொல்லும்மா"ன்னு என் கடைக்குத்தான் வர்றாங்க. தேடி தேடி நான் கத்துக்கிட்டத வெச்சிதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்.

போன வருஷம் தை மாசக் கடைசில ஒரு கூத்து வாத்தியார் வந்தாரு. எழுபத்தோரு வயசு. எங்க பக்கத்துல பாரதம் வெக்கிற, அதாவது கோயில் விழாவா மகாபாரதத்த நாள் கணக்குல படிச்சி கூத்தா ஆடற ஊருங்களுக்கு அவரு யாருன்னு தெரியும், பேரு இங்க வேணாம். வந்தவரு மஞ்சப்பைய அப்படியே ஜெராக்ஸ் மிஷின் மூடி மேல கொட்டினாரு. இருபத்தஞ்சு வயசுல திரௌபதி வேஷம் கட்டி நிக்கிற லேமினேஷன் போட்ட போட்டோ, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை, ரேஷன் கார்டு, ரோஸ் கலர் மஞ்ச கலர்ல நாலஞ்சு ஊரு பாரத நோட்டீஸ், அப்புறம் கோடு போட்ட நீள நோட்டு ஒண்ணு. அந்த நோட்டுல அவங்க அப்பா கையெழுத்துல அர்ச்சுனன் தபசு பாட்டு முழுசா இருக்கு, ஓரம் எல்லாம் எலி கடிச்சிருக்கு, தொட்டா பொடியா உதிருது. நான் எத கேக்கறதுக்கும் முன்னாடி மொதல்ல அத காப்பி எடுத்துடலாம்னு ஒவ்வொரு பக்கமா கண்ணாடி மேல வெச்சேன், எண்பத்து நாலு பக்கம். மிஷின்ல அந்த வெளிச்சம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் நகரும்போது அவரு ஒதடு கூடவே அசையுது. பக்கத்த அவரு பாக்கவே இல்ல, நான் திருப்பற வரிசைய வெச்சே அடுத்தது என்ன பாட்டுன்னு அவருக்கு தெரியுது. எண்பத்து நாலு பக்கமும் அந்த மனுஷன் வாயில இருக்கு, அவரு செட்டுல வேற யாரு வாயிலயும் முழுசா இல்ல.

அவரு கேட்டது பெரிசா ஒண்ணும் இல்ல. "முகவீணை வாசிக்கிறவரு போயி மூணு வருஷம் ஆச்சி பாப்பா, இப்ப ஆர்மோனிய பொட்டிய வெச்சே சமாளிக்கிறோம். மத்தளத்துக்கு தோலு மாத்தணும். அது கூட பரவாயில்ல, கடன ஒடன வாங்கி மாத்திப்போம். பசங்க வேணும். ஆறேழு பசங்க ஆசையா வர்றானுங்க, ஆனா ஞாயித்துக்கெழம பெயின்ட் வேலைக்கு போனா எழுநூறு ரூவா, என்கிட்ட வந்தா என்ன கெடைக்கும் சொல்லு"ன்னாரு. முகவீணைன்னா கூத்துல ஊதற சின்ன நாதஸ்வரம் மாதிரி ஒரு குழல்.

அங்க இருந்து நான் தேட ஆரம்பிச்சேன்.

நான் இப்ப சொல்லப் போறது உங்களுக்கு தலைகீழ் பாடம்னு தெரியும், ஆனா இத எங்க பக்கத்து செட்டுக்காரங்களும் படிப்பாங்க, அவங்களுக்கோசரம் சொல்லிடறேன். 2013ம் வருஷத்து கம்பெனி சட்டத்துல 135வது பிரிவு, 2014 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்பனை 1000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாச்சும் ஒண்ண தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷத்து சராசரி லாபத்துல 2 சதவீதத்த சமூக காரியத்துக்கு செலவு பண்ணியே ஆகணும். எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அதுல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணி மட்டும் இல்லீங்க, கலை பண்பாட்டு பாதுகாப்பு, பொது நூலகம், பாரம்பரியக் கலைகளையும் கைத்தொழில்களையும் வளக்கறதுன்னு தனியா ஒரு வரி இருக்கு. அதே சட்டத்துல இன்னொரு வரியும் இருக்கு, கம்பெனி இயங்கற உள்ளூருக்கும் சுத்துப்பட்டுக்கும் முன்னுரிமை தரணும்னு. இந்த ரெண்டு வரியையும் நான் வாத்தியாருக்கு தமிழ்ல படிச்சி காட்டினப்ப அவரு ரெண்டாவது தடவ படிக்கச் சொன்னாரு. "நம்மள சட்டத்துல எழுதி வெச்சிருக்காங்களா"ன்னு கேட்டாரு. நான் ஆமான்னேன்.

எழுதி வெச்சிருக்கறதுக்கும் கைக்கு வர்றதுக்கும் நடுவுல என்னென்ன இருக்குதுன்னு அதுக்கப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது.

உங்க காசு ஒரு அமைப்பு வழியா வரணும்னா அந்த அமைப்பு பதிவு பண்ணின டிரஸ்ட்டா, சொசைட்டியா, இல்ல லாப நோக்கம் இல்லாத எட்டாவது பிரிவு கம்பெனியா இருக்கணும், வருமானவரில அமைப்புக்கு வரி விலக்கு தர்ற 12ஏ, நன்கொடை குடுக்கறவங்களுக்கு சலுகை தர்ற 80ஜி, ரெண்டு பதிவும் வேணும், அதே மாதிரி வேலைல மூணு வருஷ அனுபவம் வேணும், 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் போட்டு நம்பர் வாங்கியிருக்கணும். நீங்க பெரும்பாலும் தொண்டு அமைப்புங்கள பதிவு பண்ற நிதி ஆயோக்கோட டார்பன் போர்ட்டல் நம்பரும் கேப்பீங்க, மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட்டும் கேப்பீங்க. இதெல்லாம் தப்புன்னு நான் சொல்லல, ஊரான் காசு, கணக்கு வேணும்தான். ஆனா ஒரு கூத்து செட்டு டிரஸ்ட்டா பதிவு பண்ணிக்கிட்டு இருக்காது, அது வாத்தியார் வீட்டு திண்ணைல இருக்கும், அவரு போன்தான் ஆபீஸ். எங்க டிரஸ்ட்டுக்கு இந்த பேப்பரெல்லாம் இருந்ததால வாத்தியாரோட வகுப்ப நாங்க எங்க டிரஸ்ட் பேர்ல எடுத்து நடத்தறதா முடிவு பண்ணோம். இத படிக்கிற செட்டுக்காரங்களுக்கும் அதத்தான் சொல்றேன், அவசரப்பட்டு புதுசா டிரஸ்ட் ஆரம்பிக்காதீங்க, இன்னிக்கி ஆரம்பிச்சா மூணு வருஷம் கழிச்சிதான் சிஎஸ்ஆர் கேக்க முடியும், பக்கத்துல ஒழுங்கா கணக்கு வெச்சிருக்கற டிரஸ்ட் ஏதாச்சும் இருந்தா அவங்களோட பேசி எழுத்துல ஒப்பந்தம் போட்டு சேந்து செய்யுங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், மனசு ஆறல. ரெண்டு வருஷம் முன்ன ஒரு பம்பை செட்டுக்காரங்ககிட்ட வெளியூர் ஆளு ஒருத்தரு வந்து, கம்பெனில இருந்து அஞ்சு லட்சம் வாங்கித் தர்றேன், பேப்பர் வேலைக்கு முப்பதாயிரம், வந்த பிறகு பத்து பர்சன்ட்னு பேசிட்டு போயிருக்காரு. அவங்க சீட்டு எடுத்து கட்டினாங்க. கைக்கு வந்தது ஒரு டிரஸ்ட் பத்திரம், ஒரு டார்பன் பிரிண்ட் அவுட், அந்த பிரிண்ட் அவுட்ட நெசமான்னு பாக்க என் கடைக்கு கொண்டாந்தப்பதான் எனக்கு விஷயமே தெரியும். அந்த அண்ணன் கவுன்டர் மேல கைய வெச்சிக்கிட்டு எதுவும் பேசாம நின்னாரு. டார்பன்ல பதிவு பண்ண ஒரு ரூவா கெடையாது, 12ஏ 80ஜி பதிவுக்கு போடற ஃபார்முக்கு கட்டணம் கெடையாது, சிஎஸ்ஆர்-1க்கும் அரசாங்கத்துக்கு கட்டணம் கெடையாது, ஆடிட்டர் சர்டிபை பண்ண அவரு ஃபீஸ் வாங்குவாரு, பத்திரம் பதிய ரிஜிஸ்தர் ஆபீஸ் செலவு இருக்கும், அவ்வளவுதான். பர்சன்ட் பேசற யாரையும் நம்பாதீங்க. சாருங்களே, மேடம்ங்களே, அந்த ஆளுக்கு எப்படி எடம் கெடைச்சது தெரியுங்களா, உங்க வாசல் எங்க இருக்குதுன்னு எங்க ஜனத்துக்கு தெரியாததாலதான். வழி தெரியாத எடத்துல வழி காட்டறேன்னு எவனாச்சும் வந்து நிப்பான்.

வேற கதவையும் தட்டிப் பாத்துட்டுதான் உங்ககிட்ட வர்றேன். சென்னைல இருக்கற இயல் இசை நாடக மன்றத்துல இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க கலைஞருக்கு 10,000 ரூவா தர்ற திட்டம் இருக்கு, அறிவிப்பு வரும்போது போடணும், வாத்தியாருக்கு போட்டிருக்கோம். அந்த அப்ளிகேஷன் தமிழ்ல இருக்கு, அவரே படிச்சி கையெழுத்து போட்டாரு, அது எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்தது தெரியுமா. நல வாரிய அட்டை இல்லாதவங்க மொதல்ல அத வாங்குங்க, நீங்க கலைஞர்னு சொல்ல எங்க போனாலும் அதுதான் மொதல் சாட்சி. மத்திய கலாச்சார அமைச்சகத்துல குரு சிஷ்ய பரம்பரைன்னு ஒரு திட்டம் இருக்கு, குருவுக்கு மாசம் 15,000, சிஷ்யங்களுக்கு வயசுக்கு தகுந்த மாதிரி தனியா, எங்க வகுப்புக்கு அளவெடுத்து தெச்ச மாதிரி திட்டம், ஆனா இந்தி, இங்கிலீஷ்ல வர்ற அறிவிப்பு, கொஞ்ச நாள்தான் தெறந்திருக்கும், எங்க கண்ணுல படறப்ப முடிஞ்சி போயிருந்தது. விழா, தயாரிப்புக்கு 5 லட்சம் வரைக்கும் தர்ற திட்டமும் அங்க இருக்கு. தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் நிகழ்ச்சிக்கு கூப்பிட்டு சம்பளம் தர்றாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா அது ஆடறவனுக்கு, கத்துக்கறவனுக்கு இல்ல.

அப்புறம் பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்குங்க, 1995ல இருந்து கலைக்குன்னே நிதி குடுத்துட்டு வர்றாங்க. அமைப்பா இருக்கணும்னு இல்ல, தனி ஆளுக்கும் தர்றாங்க. ஆராய்ச்சி, புதுசா ஒண்ண செஞ்சி பாக்கறது, அந்த மாதிரி ஒரு தேடல் இருக்கணும், வருஷா வருஷம் நடக்கற வகுப்புக்கு அது அவ்வளவா பொருந்தாது, அதனால வாத்தியாரோட பாட்டு நோட்ட பதிவு பண்ற வேலைக்கு மட்டும் அவங்களுக்கு எழுதலாம்னு இருக்கோம். நான் இங்க அத சொல்றதுக்கு காரணம் வேற. அவங்க எந்த இந்திய மொழில வேணா எழுதி அனுப்புங்கன்னு சொல்றாங்க. அதாவது காவேரிப்பட்டணத்துல இருந்து ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி, கர்நாடகாவுக்குள்ள போயிட்டா எங்க வாத்தியார் தமிழ்ல நிதி கேக்கலாம். நடுவுல இருக்கற ஓசூர்ல கேக்க முடியல. இத நெனச்சா எனக்கு தூக்கம் வரல சார்.

உங்க ஃபார்ம பத்தி சொல்றேன். நான் மூணு கம்பெனிக்கு போட்டேன், எந்த கம்பெனின்னு சொல்றது என் நோக்கம் இல்ல. அதுல ஒண்ணுல, இந்த புராஜெக்ட்டோட அவுட்கம் என்ன, இம்பேக்ட் என்ன, அத எப்படி அளப்பீங்கன்னு ஒரு கேள்வி, 500 எழுத்துக்குள்ள, இங்கிலீஷ்ல. நான் வாத்தியார பக்கத்துல உக்கார வெச்சி, இந்த காசு வந்து ஒரு வருஷம் வகுப்பு நடந்தா கடைசில என்ன மாறியிருக்கும், பசங்க கத்துக்கிட்டானுங்கன்னு நாம எத வெச்சி சொல்றதுன்னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் ஃபேன பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, "கர்ண மோட்சம் ஆடறப்ப விடியக்காலம் நாலு மணிக்கு தொண்ட கட்டும் பாப்பா. கண்ண சொருகும். கீழ பாதி ஜனம் பாயி மேல தூங்கிட்டிருக்கும். அந்த நேரத்துல ஒரு பையன் பின்பாட்டுக்காரன திரும்பி பாக்காம அடுத்த பாட்ட அவனா எடுத்தான்னா அவன் கத்துக்கிட்டான். இருபது பேரு வந்தா அப்படி ரெண்டு பேரு தேறுவான். ரெண்டு போதும், ரெண்டு இருந்தா செட்டு நிக்கும்."

இத விட தெளிவா எந்த கன்சல்டன்ட் எழுதிக் குடுப்பாருன்னு எனக்கு தெரியல. என்ன மாறும், எத்தன பேருக்கு மாறும், எந்த நேரத்துல எந்த எடத்துல நின்னு பாத்தா தெரியும், எல்லாமே அதுல இருக்கு. நான் அத என்ன பண்ணேன்னா, இருபது இளைஞர்களுக்கு திறன் மேம்பாடுன்னு இங்கிலீஷ்ல அடிச்சி உள்ள போட்டேன். ஏன்னா 500 எழுத்துல நாலு மணியும் வராது, பாயும் வராது, எனக்கு இருக்கற இங்கிலீஷ்ல அது வரவே வராது. அவரு சொன்னது உங்ககிட்ட வந்து சேரவே இல்லீங்க. நீங்க படிச்சது என்னோட அரகொற இங்கிலீஷ். அத வெச்சி நீங்க வேணாம்னு முடிவு பண்ணியிருந்தா அந்த முடிவு எங்க கூத்த பத்தினது இல்ல.

நேரம்னு ஒண்ணு இருக்கு, இத உங்க யாருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. உங்க வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குது, பட்ஜெட் போர்டுல முடிவாகி ஏப்ரல், மே, ஜூன்ல அப்ளிகேஷன் கேக்கறீங்க, நான் பாத்த மூணுல ரெண்டுக்கு கடைசி தேதி மே மாசம். எங்க பக்கம் பங்குனில இருந்து ஆடி வரைக்கும் பாரதம். ஒரு ஊருல பதினெட்டு நாள் நடக்கும், பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி முழுக்க கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறி, கடைசி நாள் துரியோதனன் படுகளம் முடிஞ்சா மறுநாளே அடுத்த ஊரு. அந்த அஞ்சு மாசத்துலதான் வருஷத்துக்கே சாப்பாடு. வாத்தியார் காலைல ஏழு மணிக்கு அரிதாரம் கழுவிட்டு யாரு வீட்டு திண்ணைலயோ தூங்குவாரு, உங்க போர்ட்டல்ல ஓடிபி போவுது அவரு பேரன் கைல இருக்கற போனுக்கு. மே மாசம் அந்த ஓடிபிக்காக நான் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு ஊத்தங்கரை பக்கம் ஒரு கிராமம் வரைக்கும் போனேன், அவர எழுப்ப மனசு வராம அரை மணி நேரம் வேப்ப மரத்தடில உக்காந்திருந்தேன். ஆடி முடிஞ்சி ஆவணி, புரட்டாசில கேளுங்க, ஒவ்வொரு செட்டும் வீட்டுலதான் இருக்கும், ஆற அமர உக்காந்து எழுதிக் குடுப்பாங்க. ஒரே வருஷத்து பட்ஜெட்ல கொஞ்சத்த அதுக்குன்னு ஒதுக்கி வெச்சிட்டு செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது தடவ கேக்க சட்டத்துல எந்த தடையும் இல்ல. வேற வேலை எதுக்கும் ஒதுக்காம செலவாகாத காசு, வருஷம் முடிஞ்சி ஆறு மாசத்துக்குள்ள ஏழாவது அட்டவணைல சொல்லியிருக்கற அரசு நிதிக்கு போயிடணும்னு விதி. அப்படி போற காசுல ஒரு துளி இங்கயே தங்கட்டும்னுதான் கேக்கறேன்.

ஒரு கம்பெனில போன்ல பேசின மேடம் நல்லபடியா பேசினாங்க, ஆனா இது கோயில் சம்பந்தப்பட்டது, மத விழாவுக்கு நாங்க தர முடியாதுன்னாங்க. அவங்க பயம் எனக்கு புரியுது. ஆனா நாங்க விழாவுக்கு கேக்கவே இல்லீங்க. பாரதத்துக்கு ஊரு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி போட்டு தானே நடத்திக்குது, யாருகிட்டயும் கைநீட்டினது இல்ல, முடிஞ்ச பிறகு மைக்குல வரவு செலவு படிப்பாங்க, பூ வாங்கின அம்பது ரூவா வரைக்கும் வரும், கேள்வி கேக்கறவன் எந்திரிச்சி நின்னு கேப்பான். கணக்கு காட்டறது எங்களுக்கு புதுசு இல்லன்னு சொல்லத்தான் இத சொல்றேன். ஊரு குடுக்காதது, குடுக்க முடியாதது என்னன்னா ஆவணில இருந்து மாசி வரைக்கும் நடக்க வேண்டிய பயிற்சி. அது பள்ளிக்கூடத்து மைதானத்துல நடக்கும், எந்த சாதி எந்த மதத்து பையனும் பொண்ணும் வரலாம், அதுல பூசை கெடையாது. பொண்ணுன்னு சொன்னேனே, இப்ப வர்ற பசங்கள்ல நாலு பேரு பொண்ணுங்க, வாத்தியார் மொதல்ல தயங்கினாரு, அதுல ஒரு பாப்பா ஒரே வாரத்துல, கூத்துல கோமாளியா வந்து கதைய நடத்தற கட்டியங்காரன் வசனம் முழுசா ஒப்பிச்சதும் சரின்னுட்டாரு.

இன்னொண்ணும் எனக்கு பின்னாலதான் தெரிஞ்சது, செட்டுக்காரங்க இத நல்லா கவனிங்க. கம்பெனி தன் பொருளுக்கு விளம்பரம் கெடைக்கறதுக்காக ஸ்பான்சர் பண்றது சிஎஸ்ஆர் கணக்குல வராது, ஒரு நாள் கூத்து நிகழ்ச்சி, பரிசளிப்பு மாதிரி ஒரு தடவையோட முடிஞ்சி போறதும் வராது. அதனால "எங்க ஊரு திருவிழாவுக்கு ஒரு லட்சம் குடுங்க, பேனர்ல உங்க பேரு போடறோம்"னு எழுதினா அத அவங்க நெனச்சாலும் எடுத்துக்க முடியாது. ஒரு வருஷம் என்ன செய்வீங்க, யாருக்கு, எத்தன பேருக்குன்னு எழுதுங்க. இத எங்களுக்கு ஒரு வரில முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா நான் மொதல் அப்ளிகேஷன வீணாக்கியிருக்க மாட்டேன். அந்த மொதல் அப்ளிகேஷனுக்கு இன்னிக்கி வரைக்கும் பதில் இல்ல, பதினோரு மாசம் ஆச்சி. வாத்தியார் வாரத்துக்கு ஒரு தடவ சந்தைக்கு வர்றப்ப கடைல எட்டிப் பாப்பாரு, வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நான் தலைய ஆட்டுவேன், அவரு போயிடுவாரு.

நாங்க கேட்ட தொகைய வெளிப்படையா சொல்லிடறேன். மூணு பேரு சொல்லித் தரணும், பாட்டு, அடவு, மத்தளம், ஆளுக்கு மாசம் 6,000, வருஷத்துக்கு 2,16,000. ரெண்டு மத்தளம், ஒரு ஆர்மோனியம், தாளம், ஒரு முகவீணை எல்லாம் சேத்து 70,000. பசங்களுக்கு பஸ் காசு, காலை டிபன் 60,000. நோட்டுல இருக்கற பாட்ட அவரு பாடப் பாட ரெக்கார்டு பண்ணி எழுதி வெக்க 40,000. ஆடிட், பேப்பர் செலவு 15,000. கூட்டினா 4,01,000. சராசரி லாபம் 5 கோடி இருக்கற கம்பெனிக்கே 2 சதவீதம்னா 10 லட்சம் ஆவுது. உங்கள்ல பல பேரு அத விட எவ்வளவோ பெரியவங்க. தனியா ஒரே கம்பெனி குடுக்கணும்னு இல்ல, ரெண்டு மூணு கம்பெனி சேந்து ஒரே வேலைய செய்யவும் சட்டம் எடம் குடுக்குது. டிரஸ்ட் மேல நம்பிக்க வரலியா, கம்பெனியே நேரா செய்யலாம், அதுவும் சட்டத்துல இருக்கு. மத்தளம் நீங்களே வாங்கிக் குடுங்க, வாத்தியாருக்கு சம்பளம் நீங்களே பேங்க்ல போடுங்க, எங்க கையில ஒரு பைசா குடுக்க வேணாம், நான் வருகைப் பதிவு மட்டும் எழுதறேன்.

உங்க கிட்ட நான் கேக்கறது இதுதாங்க. உங்க சிஎஸ்ஆர் கொள்கை, கமிட்டி, ஒத்துக்கிட்ட வேலைங்க எல்லாத்தையும் வெப்சைட்ல போடணும்னு விதி இருக்கறதால போடறீங்க, தேசிய சிஎஸ்ஆர் போர்ட்டல்லயும் எந்த கம்பெனி எதுக்கு எவ்வளவு செலவு பண்ணுச்சின்னு இருக்கு, நான் ராத்திரி உக்காந்து அதெல்லாம் பாத்தேன். அந்த பிடிஎஃப் கூட ஒரே ஒரு பக்கம் தமிழ்ல போடுங்க. இந்த வருஷம் கலைக்கும் ஊர்ப்புற சின்ன அமைப்புக்கும் ஏதாச்சும் ஒதுக்கியிருக்கீங்களா, எந்த தேதிக்குள்ள யாருகிட்ட குடுக்கணும், என்ன பேப்பர் வேணும். அந்தப் பக்கத்த கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டுலயும், நூலகங்கள்லயும் ஒட்டுங்க, கிருஷ்ணகிரிக்கு மட்டும் இல்ல, தருமபுரி பக்கத்து பாலக்கோடு, பென்னாகரம் வரைக்கும் ஒட்டுங்க, 2004 வரைக்கும் ரெண்டும் ஒரே தருமபுரி மாவட்டம்தானே, உங்க தொழிற்சாலைக்கு வேலைக்கு வர்ற பசங்க ரெண்டு பக்கத்துல இருந்தும்தான் வர்றாங்க. அப்ளிகேஷன தமிழ்ல ரெண்டு பக்கத்துல வாங்குங்க, எழுத வராதவங்க பேசி வாட்ஸப்ல அனுப்பினாலும் வாங்குங்க, இங்கிலீஷ்ல வேணும்னா உங்க ஆபீஸ்ல மாத்திக்கோங்க, உங்களுக்கு அது ஒரு மணி நேர வேலை, எங்களுக்கு அது மூணு வாரம். முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வரி பதில் போடுங்க, ஏன்னு சேத்து போடுங்க, வெறும் ஒரு எஸ்எம்எஸ் போதும். நான் அந்த சந்தை நாள்ல அவருகிட்ட சொல்றதுக்கு ஒரு பதில் வேணும்.

பேப்பர்ல எழுதினா பத்தலன்னா நேர்ல வாங்க. காசு வந்தாலும் வரலன்னாலும் வகுப்ப ஆரம்பிச்சிட்டோம், டியூஷன் டேபிள் பெஞ்ச் வாங்க வெச்சிருந்த பணத்துல ஆறு மாசத்துக்கு ஓட்டலாம்னு டிரஸ்ட்ல ஆறு பேரும் ஒத்துக்கிட்டோம். ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்கு, வெயில் ஏறறதுக்கு முன்ன. கடைல வந்து கேட்டா எடத்த நானே கூட்டிக்கிட்டு போறேன். பதிமூணு பசங்க வர்றாங்க, இன்னும் முகவீணை இல்ல, மத்தளம் ஒண்ணுதான், அதயும் வாத்தியார் சைக்கிள் கேரியர்ல கட்டி எடுத்தாறாரு. போன வாரம் அர்ச்சுனன் தபசுல மொத பாட்டு முடிஞ்சது, இந்த வாரம் ரெண்டாவது ஆரம்பிக்கிறாரு, நோட்டுல மூணாம் பக்கம்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்துல இருந்து, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கற ஒரு அக்கா